டிக்கெட் எடுத்தவனின் வாய்க்குப் பூட்டா?

படம் வெளியான முதல் மூன்று நாள் யாரும் அதைக் குறை சொல்லக் கூடாது. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களின் மைக் நுழையக் கூடாது. மூன்று நாள், பன்னிரண்டு காட்சி கழிந்த பிறகு என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். தயாரிப்பாளர்களின் கோரிக்கையாகத் தொடங்கிய இந்தக் கருத்து இன்று ரசிகர்களிடமே நியாயமாகப் புழங்குகிறது. தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தபடி “படம் சுமார்தான்” என்று சொல்லிப் பாருங்கள். “நீ ஒரு படம் எடுத்துக் காட்டு, அப்புறம் பேசு” என்று பக்கத்தில் நிற்பவரே பதில் சொல்வார். நாற்பது வயதுவரை சினிமாவும் டிவியும் பார்த்தே வளர்ந்த ஒரு புறநகர் ரசிகனாக, இந்தக் கருத்து அடி முதல் நுனி வரை தவறு என்று சொல்கிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். 2024-இல் ஜூலை 12 அன்று ‘இந்தியன் 2’, அக்டோபர் 10 அன்று ‘வேட்டையன்’, நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வெளியாயின. இந்தப் படங்களை முதல் நாள் விமர்சனங்களே வீழ்த்தின என்று சொல்லி, தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று அந்த நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு தியேட்டர் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்து, முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. 2025-இல் நடிகர் விஷாலும் ஒரு மேடையில் முதல் பன்னிரண்டு காட்சிகளுக்குத் தியேட்டர் வளாகத்தில் கருத்துக் கேட்க வேண்டாம் என்றார். கேரளத்தில் 2024 மார்ச்சில், உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் முதல் 48 மணி நேரம் விமர்சனத்தைத் தள்ளிப்போடலாம் என்று பரிந்துரைத்தார்.

அவர்கள் முன்வைக்கும் காரணங்கள் இவை: ஒரு படத்தில் பல நூறு பேரின் உழைப்பும் பல கோடி ரூபாயும் இருக்கின்றன. வசூலின் பெரும்பகுதி முதல் மூன்று நாளில்தான் வருகிறது. பார்வை எண்ணிக்கைக்காகவும் காசுக்காகவும் வன்மத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரணி நடிகரின் ரசிகர்கள் திட்டமிட்டுத் தாக்குகிறார்கள். சினிமா தெரியாதவர்கள் சினிமாவுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். இவற்றில் சில உண்மை. ஆனால் இவற்றிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு எதற்கும் பொருந்தவில்லை.

1. உழைப்பைக் காட்டி மௌனத்தைக் கேட்க முடியுமா?

உழைப்பை மதிக்கிறேன். மதிப்பதால்தான் வீட்டில் ஓடிடி இருந்தும் தியேட்டருக்குப் போகிறேன். ஆனால் டிக்கெட் எடுத்த கணத்தில் அந்த உழைப்புக்கான விலையை நான் கொடுத்துவிட்டேன். அந்த விலைக்குள் என் மௌனமும் அடக்கம் என்று டிக்கெட்டில் எங்கும் அச்சிடவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கியவர் உள்ளே பூச்சி இருந்தது என்று அடுத்தவரிடம் சொன்னால், விவசாயியின் வியர்வையை அவமதித்துவிட்டார் என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளியீட்டுக்கு முன் பல மாதங்கள் பேசுவது ஒரே ஒரு தரப்பு. டீசர், டிரெய்லர், இசை வெளியீட்டு விழா, ஐம்பது சேனலுக்கு ஐம்பது பேட்டி என்று எல்லாமே புகழ்ச்சி. ‘கங்குவா’ ரூ.2,000 கோடிக்கு மேல் வசூலிக்கும் என்று எதிர்பார்ப்பதாக அதன் தயாரிப்பாளரே பேட்டி கொடுத்தார். அந்த எதிர்பார்ப்பை ஊரெங்கும் விதைப்பது வியாபாரம் என்றால், படம் அதற்கு ஈடாக இருந்ததா என்று பார்த்தவன் சொல்வதும் வியாபாரத்தின் மறுபாதிதான். விற்பவர் ஆறு மாதம் பேசலாம், வாங்கியவர் மூன்று நாள் பேசக் கூடாது என்பது எந்தச் சந்தையிலும் இல்லாத நியதி.

2. விமர்சனம் படத்தைக் கொல்கிறது என்றால், வாழவைத்தது எது?

2024 அக்டோபர் 31, தீபாவளி அன்று ‘அமரன்’ வந்தது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து ‘கங்குவா’ வந்தது. அதே தியேட்டர் வாசல்கள், அதே மைக், அதே யூடியூப் சேனல்கள், பெரும்பாலும் அதே பார்வையாளர்கள். முதல் படத்தைத் தூக்கிக் கொண்டாடிய வாய்கள்தான் இரண்டாவதைக் குறை சொன்னவை. வன்மம்தான் காரணம் என்றால், அது இரண்டு வாரம் எங்கே போயிருந்தது? மாறியது ஒன்றே ஒன்று: திரையில் ஓடிய படம்.

நல்ல படங்களும் தோற்றிருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து தோற்றது. அப்போது யூடியூப் என்ற ஒன்றே பிறக்கவில்லை. 2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ தியேட்டர் வாசல் மைக் கலாசாரம் பரவும் முன்பே சறுக்கியது. இரண்டையும் பின்னாளில் மீட்டெடுத்து, டிவியில் வரும்போதெல்லாம் பார்த்து, அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியவர்கள் யார்? இன்று வாயை மூடச் சொல்லப்படும் இதே ரசிகர்கள்தான்.

நஷ்டத்தின் உண்மையான காரணம் தயாரிப்பாளர்களுக்குத் தெரியாததும் இல்லை. 2024 ஜூலை இறுதியில் அவர்களுடைய சங்கமே கூடி, நடிகர்களின் சம்பளமும் தயாரிப்புச் செலவும் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டன, ஆகவே நவம்பர் 1 முதல் படப்பிடிப்புகளை நிறுத்துவோம் என்று அறிவித்தது. ஜூலையில் நோய் சம்பளம். நவம்பரில் நோய் விமர்சகன். நான்கே மாதத்தில் நோய் ஏன் இடம் மாறியது? நட்சத்திரத்திடம் சம்பளத்தைக் குறைக்கச் சொல்வது கடினம், டிக்கெட் எடுத்தவனிடம் பேசாதே என்று சொல்வது சுலபம். இதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

3. ரசிகனின் கருத்து மதிப்பற்றது என்றால், அதைக் கேட்டுக் கத்தரி எடுத்தது ஏன்?

‘இந்தியன் 2’ நீளம் என்று முதல் நாள் பார்த்தவர்கள் சொன்னார்கள். சில நாட்களில் சுமார் 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. 2024 செப்டம்பர் 27 அன்று வந்த ‘மெய்யழகன்’ இழுவையாக இருக்கிறது என்றார்கள். வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடங்களுக்கு மேல் குறைக்கப்பட்டது. ‘கங்குவா’வில் சத்தம் காதைப் பிளக்கிறது என்றார்கள். ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே சொன்னார். பிறகு படமும் சுமார் 12 நிமிடம் குறைந்தது. ஆஸ்கர் வென்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே அந்தச் சத்தத்தைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகா படத்துக்கு ஆதரவாக எழுதிய குறிப்பிலும் முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, ஒலி உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டார்.

குரோம்பேட்டையிலும் கோயம்பேட்டிலும் வெளியே வந்த பையன் காதைப் பொத்திக்கொண்டு சொன்னதும் அதுவேதான். நிபுணர் சொன்னால் நுட்பம், வீட்டார் சொன்னால் நேர்மை, பையன் சொன்னால் வன்மமா? மூன்று நாள் எல்லோரும் மௌனமாக இருந்திருந்தால், அந்தச் சத்தத்தை இன்னும் எத்தனை பார்வையாளர்கள் காசு கொடுத்துத் தாங்கியிருப்பார்கள்! விமர்சனம் அந்தப் படங்களைத் திருத்தியது. திருத்திய கைக்கு விலங்கு கேட்பது நன்றியுள்ள செயலா?

4. சிறிய படங்களை என்ன செய்யப்போகிறீர்கள்?

மூன்று நாள் மௌனம் என்ற விதி அமலானால் முதலில் சாகப்போவது சிறிய படம். பெரிய நடிகரின் படத்துக்கு விளம்பரமே போதும். ரசிகர் மன்றமே அதற்கு முதல் நாள் அரங்கை நிரப்பிவிடும். சிறிய படத்துக்கு மால் தியேட்டரில் காலை ஒரு காட்சி, மதியம் ஒரு காட்சி கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை பார்த்த ஐம்பது பேர் வெளியே வந்து “கண்டிப்பா பாருங்க” என்று சொன்னால்தான் சனிக்கிழமை நூறு பேர் வருவார்கள், ஞாயிறு காட்சிகள் கூடும். அந்த ஐம்பது பேரிடமும் திங்கள்வரை பேசாதீர்கள் என்றால், திங்கட்கிழமை அந்தப் படம் எந்தத் திரையிலும் இருக்காது.

2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த ‘வாழை’, செப்டம்பர் 20 அன்று வந்த ‘லப்பர் பந்து’, 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ எல்லாமே பார்த்தவர் வாய்ச்சொல்லால் வளர்ந்தவை. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ ஒரு புதுமுக இயக்குநரின் முதல் படம். இன்னும் பின்னால் போனால் 1999 டிசம்பரில் ‘சேது’. வாங்க ஆள் இல்லாமல் காத்துக் கிடந்து, ஆளில்லாத அரங்குகளில் தொடங்கி, பார்த்தவர் பார்த்தவரிடம் சொல்லியே நூறு நாளை எட்டிய படம் அது.

இதற்கு எதிர்த்தரப்பிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: நல்ல விமர்சனத்தைத் தடுக்கவில்லையே, குறை சொல்வதைத்தானே தடுக்கிறோம் என்பார்கள். குறை சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் பாராட்டுக்கு என்ன மதிப்பு? எல்லோரும் எல்லாப் படத்தையும் புகழ்ந்தே ஆக வேண்டும் என்றால், ‘லப்பர் பந்து’வைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையை யார் நம்பியிருப்பார்கள்?

5. மூன்று நாள் மௌனத்தின் செலவு யார் தலையில் விழுகிறது?

இந்தக் கேள்விதான் என்னை எழுதவைத்தது. முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவன் ரசிகன். விசிலடிக்க, காகிதம் பறக்கவிட, நண்பர்களோடு கத்தப் போகிறான். படம் எப்படி இருந்தாலும் அவனுக்கு அந்தக் காலைப்பொழுது வீண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் குடும்பங்கள். பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம்வரை ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் இருக்கும் குடும்பங்களைப் பாருங்கள். தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் தொழில் வளாகத்தில் வாரம் முழுக்க ஷிஃப்ட், பீச் ரயிலில் தினம் நின்றபடி பயணம், ஞாயிறு ஒரு நாள்தான் கையில். மால் தியேட்டரில் ஒரு டிக்கெட் வரியோடு 190 ரூபாய்க்குப் பக்கம். நான்கு பேர் என்றால் டிக்கெட்டுக்கே எழுநூறு ரூபாய்க்கு மேல். ஆன்லைன் கட்டணம், வண்டி நிறுத்தம், பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் தாண்டிவிடும். மாதத்தில் ஒரு படம்தான் முடியும். அது எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்க அவர்களிடம் இருக்கும் ஒரே வழி, வெள்ளிக்கிழமை பார்த்தவன் சொல்லும் வார்த்தை.

மூன்று நாள் என்பது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. அந்தக் குடும்பம் தியேட்டருக்கு வரும் நாள்வரை அவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது என்பதே அந்தக் கணக்கு. வசூலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான்: படம் நன்றாக இல்லை என்று தெரிந்தால் வராமல் போகக் கூடியவர்களைத் தெரியாமலேயே வரவைப்பது. இதை உழைப்பாளர் நலன் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தக் குடும்பத்திலும் உழைப்பாளிகள்தான் இருக்கிறார்கள்.

இந்தத் தடை நடைமுறைக்கும் ஒத்துவராது. 2023 ஜனவரியில் ‘துணிவு’ கொண்டாட்டத்தில் கோயம்பேடு ரோகிணி தியேட்டர் அருகே ஓர் இளைஞர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றன. அந்த அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது கேரளத்தில் காலை 4 மணிக்கே படம் தொடங்கிவிட்டது. இங்கே முதல் காட்சி 9 மணிக்கு. நாம் தியேட்டர் வாசலை அடைவதற்குள் பாலக்காட்டு ரசிகன் முழுக்கதையும் பேசி முடித்திருந்தான். குரோம்பேட்டை வெற்றி தியேட்டர் வாசலிலும் தாம்பரம் வித்யா தியேட்டர் வாசலிலும் மைக்கைத் தடுத்தால், பாலக்காட்டிலும் பெங்களூரிலும் துபாயிலும் பேசுகிறவர்களை யார் தடுப்பது? உலகமே பேசும்போது நம் ஊர்க்காரன் மட்டும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் மிஞ்சும்.

6. கருத்துச் சொல்ல யாருக்குத் தகுதி?

“கேமரா கோணம் தெரியுமா, திரைக்கதை தெரியுமா?” என்கிறார்கள். தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. படம் எடுத்தது தொழில்நுட்பக் கலைஞர்களுக்காகவா, மக்களுக்காகவா? ஒரு காட்சியில் அழுகை வந்ததா, தூக்கம் வந்ததா என்று சொல்லும் அதிகாரம் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்தான் உண்டு.

டிவியைப் பாருங்கள். அங்கே தினந்தோறும் பார்வையாளர்தான் நீதிபதி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமைதோறும் சொல்லும் பார்க் (BARC) ரேட்டிங்கில் சீரியல்களின் ஆயுள் தொங்குகிறது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வாழ்ந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்த பிறகு, அந்தக் கதாபாத்திரம் எப்படித் தொடர வேண்டும் என்று சிட்லப்பாக்கத்திலும் சேலையூரிலும் வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. சமையலறையிலிருந்து பேசிய அந்தப் பெண்களுக்கு நடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? ஒரு நடிகரின் குரல் ஏற்ற இறக்கத்தைத் தினமும் கூர்ந்து கேட்டவர்கள் அவர்கள். சின்னத்திரை தினம் சந்திக்கும் தீர்ப்பைப் பெரிய திரை மூன்று நாள்கூடத் தாங்காது என்றால், பலவீனம் பார்வையாளரிடம் இல்லை.

அச்சுக் காலத்திலும் தமிழ் சினிமாவுக்குக் கண்டிப்பான விமர்சகர்கள் இருந்தார்கள். ஆனந்த விகடன் 1977-இல் ‘16 வயதினிலே’க்கு 62.5 மதிப்பெண் போட்டது. நூற்றுக்கு 62.5 என்பதையே பெருமையாக ஏற்றுக்கொண்ட சினிமா அது. அதற்குப் பிறகும் தமிழில் நல்ல படங்கள் வரத்தான் செய்தன.

7. வன்மப் பேச்சுக்கு மருந்து என்ன?

உண்டு, அந்தப் பேச்சு உண்டு. நடிகையின் உடலைக் கேலி செய்கிறவர்கள், சாதியை இழுக்கிறவர்கள், படம் பார்க்காமலேயே இடைவேளைக்குள் தீர்ப்பு எழுதுகிறவர்கள், எதிரணி நடிகருக்காகப் பொய்க் கணக்கில் ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நானும் வெறுக்கிறேன். ஆனால் மூன்று நாள் தடை அவர்களை எப்படித் தண்டிக்கும்? நான்காம் நாள் உடல்கேலி அனுமதிக்கப்படுமா? அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது. அரங்குக்குள் திரையைப் படம் பிடிக்கிறவருக்கு 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் இதே திசையில்தான் நின்றது: விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம், அவதூறு இருந்தால் புகார் கொடுக்கலாம் என்று சொல்லி இடைக்காலத் தடை தர மறுத்தது.

காசு வாங்கித் திட்டுகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள், காசு வாங்கிப் புகழ்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லையே, ஏன்? விலைபோன புகழ்ச்சியை நம்பிக் குடும்பத்தோடு போனவருக்கு யார் நஷ்ட ஈடு கொடுப்பது? இரண்டையும் சேர்த்துக் கண்டிக்கும் நாளில் அவர்களோடு நானும் நிற்பேன்.

8. உங்கள் சுதந்திரம் எந்தக் கூரையின் கீழ் நிற்கிறது?

‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்துக்கு எதிர்ப்பு எழுந்து, அதன் சான்றிதழே ரத்தானது. தயாரிப்பாளர் எஸ்.ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். யாரோ போராட்டம் நடத்துவார்கள் என்ற அச்சத்துக்காகக் கருத்துச் சுதந்திரத்தை நசுக்க முடியாது என்று 1989-இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2013-இல் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் தடுக்கப்பட்டபோது திரையுலகம் கையில் எடுத்ததும் அதே அரசியல் சாசனப் பிரிவைத்தான். அன்று நாங்கள், ரசிகர்கள், உங்கள் பக்கம் நின்றோம். சிலருக்குப் பிடிக்காது என்பதற்காக ஒரு படத்தை நிறுத்தக் கூடாது என்றால், சிலருக்கு நஷ்டம் என்பதற்காக ஒரு கருத்தையும் நிறுத்தக் கூடாது. பிரிவு 19(1)(அ) படம் எடுப்பவருக்குத் தனியாகவும் பார்ப்பவருக்குத் தனியாகவும் எழுதப்படவில்லை.

இந்தக் கருத்து நிலைத்துவிட்டால் விளைவு சினிமாவோடு நிற்காது. கட்அவுட்டில் ஏறிப் பால் ஊற்றும் ரசிகன் வேண்டும், முதல் நாள் அரங்கை நிரப்பும் ரசிகன் வேண்டும், ஹேஷ்டேக் ஓட்டும் ரசிகன் வேண்டும். “இந்தப் படம் சரியில்லை தலைவா” என்று சொல்லும் ரசிகன் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். திரையிலிருந்து நேராகக் கோட்டையை நோக்கி நடக்கும் மரபு உள்ள மாநிலம் இது. தனக்குப் பிடித்த நடிகரின் படத்தையே குறை சொல்லப் பழகாதவன், நாளை அதே நடிகர் ஆட்சிக்கு வந்தால் எந்த வாயால் கேள்வி கேட்பான்? அன்பு வைத்தவரிடம் நேர்மையாகப் பேசும் பழக்கத்தை நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ளும் முதல் இடம் பல வேளைகளில் தியேட்டர் வாசல்தான். அதை மூடக் கூடாது.

தயாரிப்பாளர்களுக்கு நான் சொல்வது இது: நம்பிக்கை இருந்தால் வெளியீட்டுக்கு முன்பே பத்திரிகையாளர்களுக்குக் காட்டுங்கள். டிரெய்லரில் இல்லாததைச் சொல்லாதீர்கள். ஜூலையில் நீங்களே கண்டுபிடித்த சம்பள நோய்க்கு முதலில் மருந்து பாருங்கள். ரசிகர்களுக்குச் சொல்வது இது: படத்தை முழுக்கப் பாருங்கள். கதையை உடைக்காதீர்கள். ஆளின் உடலையும் சாதியையும் தொடாதீர்கள். எது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று உங்கள் முகத்தைக் காட்டியே சொல்லுங்கள். அதை வெள்ளிக்கிழமையே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் தன் வாரத்தின் ஒரே ஓய்வு நாளை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்க அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. அதைத் தடுக்கும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் கிடையாது.